இட்டு நிரப்பிய குரல்

லைன் கார்டு ஷமீமாவின் கையில் இருந்தது. ஆனாலும் அந்தப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள்.

"வெயில்ல அலையாதீங்க. எங்கயாவது நிழல்ல நின்னு மோர் வாங்கிக் குடிங்க. சங்கவிய இடியாப்பம் பண்ணச் சொல்றேன், உங்களுக்குப் பிடிக்குமே."

"சரிம்மா," என்றது ஆண் குரல். பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

ஷமீமா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கையிலிருந்த கார்டைப் பார்த்தாள். பெட்டியில் அது இருந்த ஸ்லாட் காலியாகத்தான் கிடந்தது. பேசிக்கொண்டிருக்கும் பெண்ணின் லைன் இந்தக் கார்டில்தான் வந்து முடிகிறது. கார்டைக் கழற்றினால் அவள் பேச முடியாது. முடியக் கூடாது.

திருச்சி எக்ஸ்சேஞ்சின் இரண்டாம் மாடியில், குளிரூட்டிய அறையில் ஆளுயர இரும்புப் பெட்டியாக நின்றது அந்த ஆக்சஸ் சர்வர். மேலே பவர் சப்ளைகள், கீழே காற்றாடிகள், நடுவில் அலமாரியில் புத்தகம் செருகியதுபோல வரிசையாகக் கார்டுகள். ஒரு காலத்தில் இப்படிப்பட்ட பெட்டிகளின் வழியாகத்தான் வீடுகள் இணையத்துக்குள் நுழைந்தன. பூட்டுக் காய்ச்சல் வந்த பிறகு அவற்றுக்கு வேறு வேலை வந்தது.

அந்தக் காய்ச்சல் சில நாளில் இறங்கிவிடும். உடம்பு மட்டும் திரும்ப அசையாது. இமைகூட அசையாது. ஆள் உள்ளே முழுசாக விழித்திருப்பார். காது கேட்கும், வலிக்கும், பசிக்கும். சொல்ல வழி இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு சில்லைப் பதித்தார்கள். அவர்கள் பேச நினைப்பதைச் சில்லு பிடித்து எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும். இங்கே லைன் கார்டு அதை வாங்கும். ஆளுக்கு ஒன்றாக இருக்கும் பிராசசர் அதை அவரவர் குரலாக மாற்றும். வீட்டிலே கட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள, மைக் வைத்த ஸ்பீக்கருக்கோ, போனுக்கோ குரல் போய்ச் சேரும். போனில் எதிராளி பேசுவது இதே வழியாகத் திரும்பச் சில்லுக்குப் போகும்.

லைன் கார்டுகளின் பின்களில் பச்சைப் பாசிபோல ஏறியிருந்ததால் ஷமீமா ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். மின்சாரத்தை நிறுத்தாமலே கழற்றலாம். வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. கார்டு வெளியே வந்ததும் பேசிக்கொண்டிருப்பவரின் குரல் ஓரிரு வாக்கியத்தில் தேய்ந்து நின்றுவிடும். இதுவரை கழற்றிய நாலைந்து கார்டுகளிலும் அப்படித்தான் நின்றது.

துறையூர் மதுமிதாவின் குரல் மட்டும் நிற்கவில்லை.

"நேத்து நீங்க சரியாத் தூங்கவே இல்லன்னு சங்கவி சொன்னா," என்றது அது, அக்கறையோடு. "உடம்பப் பாத்துக்கோங்க. நீங்க நல்லா இருந்தாத்தான் நாங்க நல்லா இருப்போம்."

கார்டில் மதுமிதாவின் லைன் செருகியிருந்த போர்ட்டின் பழைய நிலவரத்தை ஷமீமா கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் எக்ஸ்சேஞ்ச் கோபுரத்தில் இடி விழுந்திருந்தது. அப்போதிருந்து அந்த போர்ட்டில் சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி வந்திருக்கிறது. ஒரு கட்டத்தில் திரையில் சிக்னலின் கோடு தரையோடு படுத்துவிட்டது. அதற்குப் பிறகு எழவே இல்லை.

டேனியல் சாரை அழைத்தாள். மண்டலத்துக்குப் பொறுப்பான மேலாளர் அவர். மாடி ஏறிவந்து, மூச்சு வாங்க, அவளிடமிருந்து ஹெட்போனை வாங்கிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பிராசசர் இட்டு நிரப்புதும்மா."

"நிரப்பும் சார், தெரியும். சிக்னல் நடுவுல ஒரு சொல் விட்டுப்போனா அதைப் போட்டுக்கும். இது ஒரு சொல் இல்லையே. முழுப் பேச்சும் அதுவே பேசுது."

"சிக்னல் மெல்ல மெல்லக் குறைஞ்சிருக்கு. அதுக்கேத்த மாதிரி இதுவும் மெல்ல மெல்லக் கூட்டிக்கிட்டே வந்திருக்கு. மூணு வருஷம் அந்தப் பொண்ணுகிட்டக் கத்துக்கிட்டது இல்லையா? அப்புறம் சிக்னலே தேவைப்படல." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அவ போயிருக்கணும் ஷமீமா. மூச்சு மட்டும் ஓடிட்டிருக்கும். வீட்டுல அவங்களுக்குத் தெரியாது."

"இல்ல, போர்ட் போயிருக்கணும்."

அந்த ஆணின் அழைப்பு அதற்குள் முடிந்திருந்தது. ஷமீமா மதுமிதாவின் லைனை உருவி, புதுக் கார்டில் நல்ல போர்ட் ஒன்றில் செருகினாள். நிரப்புவதை முழுக்க நிறுத்தினாள். இனி உள்ளே இருப்பவர் நினைக்கும் சொல் மட்டும்தான், எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், வெறும் எழுத்துக்கூட்டல்போல வரும்.

திரையில் படுத்திருந்த கோடு துள்ளி எழுந்தது. அலை அலையாக, ஒரே வடிவம், திரும்பத் திரும்ப.

ஹெட்போனில் தட்டையான ஒரு குரல் வந்தது.

"கேக்குதா. கேக்குதா. கேக்குதா. கேக்குதா."

ஷமீமா மைக்கை இழுத்து வாய்க்கருகில் வைத்தாள். "கேக்குது," என்றாள். "கேக்குதுங்க. நல்லாக் கேக்குது."

கோடு அப்படியே நின்றுவிட்டது.

"யாரு."

"என் பேரு ஷமீமா. எக்ஸ்சேஞ்சுல இன்ஜினியர். உங்க லைன் வர்ற இடத்துல போர்ட் கெட்டுப்போச்சு. எங்களுக்குத் தெரியல. மன்னிச்சுக்குங்க."

"நீ மனுஷியா."

"மனுஷிதான்."

"அதுவும் அப்படித்தான் பேசும். எப்படி நம்புறது."

ஷமீமா விசும்பினாள். முகத்தைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள்.

"அழுவுறியா."

"ஆமா."

"அப்ப சரி," என்றது குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுந்தது. "எனக்கு எல்லாம் கேட்டுச்சு. கட்டில் பக்கத்துல என் குரல்ல அது பேசும். தினா என்ன கேட்டாலும் சரின்னு சொல்லும். நான் வேணாம் வேணாம்னு கத்துவேன். அது சரின்னு சொல்லும்."

டேனியல் சார் இன்னொரு ஹெட்போனை எடுத்து மாட்டியிருந்தார்.

*

மதுமிதா துறையூர்ப் பள்ளி ஒன்றில் கபடிப் பயிற்சியாளராக இருந்தவள். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அவள் போடும் சத்தத்தில் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். கணவன் தினகரை 'டேய்' என்றுகூடக் கூப்பிடுவாள். அவன் ஊர் ஊராகப் போய் வயல்களில் சோலார் பம்பு பொருத்துகிறவன், சாதுவான ஆள். ஒரே மகள் இதழினி. காய்ச்சல் வந்து மதுமிதா படுத்தபோது அவளுக்குப் பத்து வயது. இப்போது மதுரையில் விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

மதுமிதாவைக் கவனித்துக்கொள்ள வந்தவள் சங்கவி. கணவனை அதே காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள்.

மதுமிதாவின் குரல்தான் முதலில் அந்தப் பேச்சை எடுத்தது. 'நீங்க தனியாக் கஷ்டப்படுறதப் பாக்க முடியல. சங்கவிய நீங்க கட்டிக்கணும். எனக்குச் சந்தோஷம்' என்றது. தினகர் பல நாள் மறுத்தான். அது விடவில்லை. பூட்டுக் காய்ச்சலில் கிடப்பவர் தன் குரலால் சம்மதம் சொன்னால் துணை மறுமணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்த காலம். பதிவாளர் வீட்டுக்கே வந்து கட்டிலருகே உட்கார்ந்து கேட்டார். 'முழு மனசோட சம்மதிக்கிறேன்' என்றது குரல். அப்போது மதுமிதாவின் போர்ட் செத்துச் சில மாதம் ஆகியிருந்தது.

இதையெல்லாம் ஷமீமா மதுமிதாவிடமிருந்தே, சொல் சொல்லாக, அன்று பிற்பகல் முழுக்க உட்கார்ந்து கேட்டாள்.

கேட்டு முடித்து டேனியல் சாரின் அறைக்குப் போனாள்.

"பிராசசர் பாதிக்கு மேல நிரப்ப ஆரம்பிச்சா கார்டுல செவப்பு விளக்கு எரியணும் சார். அந்த அலாரம் ஏன் வேலை செய்யல?"

"நிறுத்தி வச்சிருக்கோம்."

"யாரு?"

"கம்பெனிதான். அலாரம் அடிச்சா குரல் கட் ஆகும். கட் ஆனா வீட்டுக்காரங்க புகார் பண்ணுவாங்க. 'அம்மா பேசிட்டிருக்கும்போதே நின்னுபோச்சு, செத்துட்டாங்கன்னு பயந்துட்டோம்'னு அழுவாங்க. அதனால குரல் எப்பவும் நிக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணினாங்க. அதோட..." அவர் தயங்கினார். "கோவமாப் பேசறதக் கொஞ்சம் தணிச்சுத் தரவும் சொல்லிட்டாங்க. படுத்திருக்கறவங்க கத்துனா வீட்டுல கவனிக்கறவங்களுக்கு மனசு ஒடிஞ்சுபோகுதாம். மென்மையாப் பேசினா நல்லாப் பாத்துக்கறாங்களாம். அது உண்மையும்கூட ஷமீமா. நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சாங்க."

"இன்னும் எத்தனை பேர் இப்படி இருக்காங்க?"

"தெரியாது."

"அலாரத்தைப் போட்டா தெரியும்."

"போட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா? செவப்பு எரியற ஒவ்வொரு வீட்டுலயும் போய் என்ன சொல்லுவ? 'இவ்வளவு நாள் நீங்க பேசினது உங்க புருஷன்கிட்ட இல்ல'ன்னா? சில பேர் நெஜமாவே போயிருப்பாங்க. குரல் இருக்கறதாலதான் அந்த வீட்டுல சாப்பிடறாங்க, தூங்கறாங்க. அதைப் பிடுங்கணுமா?"

"போகாதவங்க இருப்பாங்களே சார். கேக்குதா கேக்குதான்னு உள்ள கத்திட்டிருப்பாங்களே."

டேனியல் சார் எழுந்து, அவளோடு சர்வர் அறைக்கு வந்தார். அலாரத்தை இயக்க அவருடைய கடவுச்சொல் வேண்டும். தானே அடித்தார்.

முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு மேல் வரிசையில் ஒன்று சிவந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்று. கீழே இரண்டு. பெட்டி முழுக்க, அங்கொன்றும் இங்கொன்றுமாக, யாரோ விளக்கு ஏற்றிக்கொண்டே போனதுபோல எரிந்தன. காற்றாடிகளின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லை. டேனியல் சார் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ துறையூருக்குப் போ," என்றார் கடைசியில். "மத்த வீடுகளுக்கு நான் போறேன்."

*

"வீட்டுக்குப் போ. முதல்ல நீ சொல்லு. அப்புறம் நான் பேசறேன்," என்று மதுமிதா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். "என்னால நீளமாச் சொல்ல முடியாது. பாதியில எழுந்து போயிருவான்."

அதனால் அவள் வீட்டு ஸ்பீக்கரை அணைத்துவைத்துவிட்டு ஷமீமா மறுநாள் காலை துறையூருக்குப் போனாள். லைன் பழுது பார்க்க வந்திருக்கிறார்கள் என்றுதான் தினகர் நினைத்தான். வாசலுக்கே வந்து வரவேற்றான். சங்கவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாசமாக இருந்தாள்.

கட்டிலில் மதுமிதா கண்மூடிப் படுத்திருந்தாள். தலைமுடி எண்ணெய் தடவி, வாரி, இரண்டு பக்கமும் பின்னிப் போட்டிருந்தது. வெளுத்துத் துவைத்த நைட்டி. முதுகில் புண் வராதிருக்கக் காற்றுமெத்தை. நாலைந்து வருஷம் படுத்திருக்கிற உடம்பு என்றே சொல்ல முடியாது.

ஷமீமா உட்கார்ந்து, இருவரிடமும் சொன்னாள். முடிந்தவரை எளிமையாகச் சொன்னாள். "வீட்டுக்கு வர்ற தண்ணிக் குழாய் அடைச்சுப்போச்சுன்னு வச்சுக்குங்க. குழாயில தண்ணி நிக்காம வந்துட்டே இருந்துச்சு. ஆனா அது உங்க கெணத்துத் தண்ணி இல்ல. நடுவுல இருக்கற தொட்டியே ஊறி ஊறிக் கொடுத்திருக்கு."

சங்கவிக்கு முதலில் புரிந்தது. மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பத்துலேர்ந்து?" என்று கேட்டாள்.

ஷமீமா சொன்னாள்.

"அப்ப பதிவாளர் வந்தது..."

"அதுக்கு முன்னாடியே."

தினகர் சிரித்தான். "இல்லங்க மேடம். நீங்க வேற யாரையோ சொல்றீங்க. நேத்துகூட மோர் குடிக்கச் சொன்னா. என் பொறந்தநாளுக்குப் பாட்டுப் பாடினா. அவளுக்குப் பாடவே வராது, ஆனா பாடினா..." அத்தோடு நின்றான். தான் சொன்னதையே கேட்டுக்கொண்டதுபோல இருந்தது.

ஷமீமா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"தினா," என்றது தட்டையான குரல்.

அவன் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தான்.

"அது நான் இல்ல."

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் வேணாம்னேன். தெனம் சொன்னேன். உனக்குக் கேக்கல."

"இது அவ குரலே இல்லையே," என்றான் தினகர் ஷமீமாவிடம். "இது மெஷின் மாதிரி இருக்கு. அவ இப்படிப் பேசமாட்டா. லைன் இன்னும் சரியாகல மேடம். நீங்க பழையபடி போட்டுக் குடுங்க."

"டேய்," என்றது குரல்.

ஒரு சொல்தான். தினகர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

யாரையும் பார்க்காமல் பேசினான். "என்னை நீங்க, வாங்கன்னு கூப்பிட ஆரம்பிச்சப்பவே நான் யோசிச்சிருக்கணும். பதினைஞ்சு வருஷத்துல ஒரு நாள் கூப்பிட்டதில்ல. நல்லா இருந்துச்சு மேடம். அதான் யோசிக்கல." எழுந்து வெளியே போய்விட்டான்.

சங்கவி நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. "அக்கா," என்றாள். "நீங்க கேட்டீங்கன்னுதான் நான் ஒத்துக்கிட்டேன். நானா ஆசைப்படல. சத்தியமா. நீங்க தெனம் என்கிட்டப் பேசுனீங்க. எங்க வீட்டுக்காரரப் பத்தி எல்லாம் கேட்டு என்னைய அழவிட்டுச் சமாதானம் பண்ணுனீங்க. அதெல்லாம்..." கட்டிலைப் பார்த்தாள். "நான் போயிரவாக்கா?"

ஷமீமா கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்தாள். கோடு எழுந்தது, கலைந்தது, மறுபடி எழுந்தது. மதுமிதா எதையோ சொல்லப் பார்த்து விட்டுவிடுகிறாள்.

"உன்னை எனக்குப் பிடிக்கல," என்றது குரல்.

சங்கவி தலையை ஆட்டினாள்.

"ஆனா நீ மெதுவாத் திருப்புவ. மத்தவங்க மூட்டையத் தள்ளுற மாதிரி தள்ளுவாங்க. நீ கைய முதல்ல சூடு பண்ணிக்கிட்டு வருவ." நீண்ட இடைவெளி. "இரு."

சங்கவி கட்டிலோரம் வந்து உட்கார்ந்து, மதுமிதாவின் பாதத்தின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை மதுமிதாவால் பார்க்க முடியாது. காலில் உணர்ந்திருப்பாள்.

*

டேனியல் சார் அந்த மாதம் முழுக்க வீடு வீடாகப் போனார். சில லைன்களை நல்ல போர்ட்டில் மாற்றியதும் உள்ளேயிருந்து ஆள் பேசினார்கள். ஒரு கிழவர், வந்தவுடன் தன் மகனைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு அழுதாராம். பல லைன்களில் எந்தப் போர்ட்டில் போட்டாலும் கோடு எழவில்லை. அந்த வீடுகளில் அவர் துக்கம் விசாரிப்பவர்போல உட்கார்ந்துவிட்டு வந்தார். ஒரு வீட்டில் அவர்மேல் செருப்பு விழுந்தது. இன்னொரு வீட்டில் அந்த அம்மாள், "எனக்குத் தெரியும். நீங்க போங்க. அதை நிறுத்தாதீங்க," என்று கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

செய்தி பரவியது. கேள்விகள் எழுந்தன. பதிவான திருமணங்களை, எழுதிக்கொடுத்த சொத்துகளை என்ன செய்வது என்று நீதிமன்றங்கள் விழித்தன. கடைசியில் அரசு உத்தரவு வந்தது. இட்டு நிரப்பக் கற்றுக்கொண்ட பிராசசர்கள் எல்லாவற்றையும் கழற்றி அழித்துவிட வேண்டும்.

துறையூரிலிருந்து சங்கவி அவ்வப்போது ஷமீமாவுக்குப் போன் செய்வாள். வீடு அமைதியாகிவிட்டது என்றாள். அக்கா பேசுகிறாள், ஒரு வாக்கியம் முடிய வெகு நேரமாகிறது, பாதிக்கு மேல் கோபம்தான். தினகர் எல்லாம் செய்கிறான், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "மொட்டை மாடியில போய் உக்காந்துக்கறாரு மேடம். பழசு கொஞ்சம் போன்ல பதிவாயிருக்குல்ல, அதையே போட்டுப் போட்டுக் கேக்கறாரு. செத்தவங்களுக்கு அழற மாதிரி அழறாரு." சங்கவியின் குரல் தாழ்ந்தது. "அக்காவுக்குக் கீழ கேக்கும். சொல்லிப் பாத்துட்டேன்."

பிராசசர் கார்டுகளைக் கழற்றும் நாளுக்கு முன்னால் தினகரே எக்ஸ்சேஞ்சுக்கு வந்தான். கிளம்பும்போது சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தான் என்பது தெரிந்தது, மடிப்புக் கலையவில்லை. ஷமீமாவின் எதிரே நின்றுகொண்டே கேட்டான்.

"அழிக்கப்போறீங்களாமே."

"ஆமாங்க."

"ஒரே ஒரு தடவை பேசிக்கறேன் மேடம். சொல்லிக்காமப் போன மாதிரி இருக்கு."

"உக்காருங்க," என்றாள். "உங்க மனைவியக் கேக்காம நான் பண்ண முடியாது."

அவன் முகம் சுண்டியது. ஆனாலும் உட்கார்ந்தான்.

ஷமீமா உள்ளே போய் மதுமிதாவின் லைனைத் திறந்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"வேணாம்," என்றது குரல் உடனே. அவ்வளவு வேகமாக அவள் எதையும் சொல்லி ஷமீமா கேட்டதில்லை. பிறகு இடைவெளிவிட்டு, "அவன் என்கிட்டப் பேசட்டும். மெதுவாத்தான் வரும். காத்திருக்கட்டும்."

"சொல்லிடறேன்."

"இரு. போயிராத."

ஷமீமா காத்திருந்தாள். கோடு எழுவதும் அடங்குவதுமாக இருந்தது.

"எனக்கு அதுகிட்டப் பேசணும்," என்றாள் மதுமிதா.

"எதுகிட்ட?"

"அந்த மெஷின்கிட்ட. அழிக்கறதுக்கு முன்ன."

"எதுக்குங்க?"

"இதழ் தெனம் ஹாஸ்டல்லேர்ந்து போன் பண்ணுவா."

ஷமீமாவுக்குச் சட்டென்று புரிந்தது. வீட்டில் பேசியது எல்லாம் மதுமிதாவின் காதில் விழுந்திருக்கும். போனில் வருவது அப்படியல்ல. அது இந்தப் பெட்டிக்குள் வந்து, லைன் கார்டு வழியாகத்தான் சில்லுக்குப் போக வேண்டும். போர்ட் செத்த நாளிலிருந்து மகள் போனில் பேசிய ஒரு சொல்லும் மதுமிதாவுக்குப் போய்ச் சேரவில்லை.

"ஒன்றரை வருஷம்," என்றது குரல். "வயசுக்கு வந்தது ஹாஸ்டல்ல. யார்கிட்டச் சொன்னா. பயந்தாளா. வலிச்சுதா. இப்பக் கேட்டா, அதெல்லாம் அப்பவே சொல்லிட்டேனேம்மா, மறுபடி எதுக்குங்கறா. என்னால வேகமாக் கேக்க முடியல. அதுக்குள்ள பெல் அடிச்சுது, வச்சிடறேம்மான்னு வச்சிடறா."

ஷமீமா எழுந்து பெட்டியைத் திறந்தாள். மதுமிதாவின் லைனை, வெளியே போகாமல், நேராக அந்தப் பழைய பிராசசரோடு சேர்த்தாள். இருவரும் பேசுவது இரண்டு கோடுகளாகத் திரையில் தெரியும்படி வைத்தாள்.

"பேசுங்க," என்றாள்.

மேல் கோடு எழுந்தது. "நான் மதுமிதா," என்றது தட்டையான குரல்.

"தெரியும்," என்றது மற்றது. அதே பெண்ணின் குரல். ஆனால் இதமாக, ஏற்ற இறக்கத்தோடு, மூச்சு வாங்கி, உயிருள்ள குரலாக இருந்தது. "நல்லா இருக்கீங்களா?"

மேல் கோடு மறுபடி எழுந்தது.

"இதழ் உன்கிட்ட என்ன சொன்னா."

"நிறைய சொன்னா. எதைச் சொல்லட்டும்?"

"எல்லாம். முதல்லேர்ந்து."

ஷமீமா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வெளியே தினகர் காத்திருந்தான்; அவனிடம் போய்ச் சொல்ல வேண்டும். வாசல்வரை போனவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

திரையில் கீழ்க்கோடு ஓயாமல் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. மேல்கோடு அசையவே இல்லை. மதுமிதா கேட்டுக்கொண்டிருந்தாள்.